ஆச்சியின் கேள்வி

நேற்று வரை மிதந்துகொண்டிருந்த செல்கள் இன்று காலை குடுவையின் அடியில் ஒட்டிக்கிடந்தன. உருண்டை போய்த் தட்டையாகி, ஓரத்தில் விரல்விரலாக நீட்டிக்கொண்டு.

டிஹெச்பி-1 செல்கள்: ஆய்வகத்தில் வளர்க்கும், மோனோசைட் என்ற ரத்த வெள்ளையணு வகை. பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் இப்படித்தான், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போல ஆகிவிடும்.

மதியம் சாப்பாட்டில் வீட்டுக்கார ஆச்சியிடம் சொன்னேன்.

"யாரு ரத்தம் அது?"

ரத்தப் புற்றுநோய் வந்த, ஒரு வயது ஜப்பானியக் குழந்தையுடையது ஆச்சி. 1980-இல் கட்டுரை வந்தது. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

"புத்துநோய் செல்லை வச்சு நல்ல ரத்தத்தைப் பத்தி எப்படிச் சொல்வே?"

காரைக்குடியில் ஒரு ஆய்வுக் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது, சாம்பார் கரண்டியோடு!

நல்ல ரத்தத்து மோனோசைட் குடுவையில் பெருகாது, ஆளுக்கு ஆள் மாறும். இது எப்போதும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வசதி அதுதான். ஆனால் பாக்டீரிய நச்சை உணர உதவும் சிடி14 என்ற புரதம் இயல்பான செல்லில் நிறைய இருக்கும், இதில் குறைவு, அதனால் அந்த நச்சுக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும். கடைசியில் மனித ரத்தத்திலும் சரிபார்த்தே ஆகவேண்டும்.

"அப்ப என் கையில எடுத்துக்க."

சர்க்கரை இருப்பவர்களைச் சேர்க்க முடியாது என்றேன்.

மோர் ஊற்றாமலே எழுந்து போய்விட்டார்கள்.