ஒரு தடவைக்கு இரண்டரை ரூபாய்

போன மாதம் ஒரு சாயங்காலம் சேலம் அஸ்தம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் மெசேஜ் வந்தது. அதிவேகம், அபராதம் 1,000 ரூபாய். தேதியைப் பார்த்தால் முந்தின வாரம் ஆத்தூர் போன நாள். ஜவ்வரிசி வியாபாரம் என்பதால் வாரம் ஒரு தடவையாவது ஆத்தூர் போய்த்தான் ஆக வேண்டும். போர்டில் 60 போட்டிருந்த ஒரு புறவழிச்சாலையில் நான் 81ல் போயிருக்கிறேன். போட்டோவும் இருக்கிறது, என் வண்டிதான், மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. டீ ஆறுவதற்குள் போனிலேயே கட்டிவிட்டேன்.

முதலில் கோபம்தான் வந்தது, யாருக்குத்தான் வராது. "ரோட்டை ஒழுங்கா போட வக்கில்லை, மரத்துக்குப் பின்னாடி நின்னு போட்டோ எடுக்கத் தெரியுது" என்று டீக்கடையில் நானும் நாலு பேரும் சேர்ந்து நன்றாகவே திட்டினோம். வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் புறவழிச்சாலை சுமார் 5 கிலோமீட்டர். 60ல் போனால் ஐந்து நிமிடம். 80ல் போனால் மூன்றே முக்கால். மிச்சம் 75 செகண்டு. அன்றைக்கு டோலில் என் ஃபாஸ்டேக் சரியாக ஸ்கேன் ஆகாமல் பின்னால் இருப்பவன் ஹாரனை அமுக்க அமுக்க நான் நின்ற நேரம் அதைவிட அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதுதான் என்னை உறுத்தியது. நாலு வருடமாக வாரா வாரம் போய் வருகிறேன். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ஏறக்குறைய 400 தடவை அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன், பெரும்பாலும் இதே வேகத்தில். மாட்டியது ஒரு தடவை. ஆயிரத்தை 400ஆல் வகுத்தால் இரண்டரை ரூபாய். டோல் கட்டணம்கூட அதைவிடப் பல மடங்கு. அதாவது, 60 போர்டு இருக்கும் இடத்தில் 80ல் போவதற்கு அரசாங்கம் என்னிடம் தடவைக்கு இரண்டரை ரூபாய் வாங்குகிறது. இதற்கு யார் பயப்படுவார்கள்? 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் அதிவேகத்துக்கு முதல் தடவை அபராதம் 400 ரூபாய் வரைதான். திருத்தத்துக்குப் பிறகு கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000, லாரி பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. தொகை ஏறியது சரி. மாட்டுவது அதே லாட்டரியாக இருக்கும்போது தொகை ஏறி என்ன?

நம் ஊரில் லாட்டரியில்கூட ஏமாற்று உண்டு. எதிரில் வருகிறவன் பகலில் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால் "முன்னாடி போலீஸ் நிக்குது" என்று அர்த்தம். முகம் தெரியாத ஆளுக்கு நாம் செய்யும் ஒரே உதவி இதுதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் அரை கிலோமீட்டர் பவ்யமாகப் போவோம், அப்புறம் மிதிப்போம்.

வேகம் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை, அதையும் போட்டுப் பார்த்தேன். காய்ந்த ரோடு, நல்ல பிரேக், ஆளைப் பார்த்து ஒரு செகண்டில் கால் பிரேக்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ல் வரும் கார் சுமார் 36 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில் அதே ஆளைப் பார்த்த 80 கார், முதல் கார் நின்றுபோன புள்ளியைக் கடக்கும்போது இன்னும் 60க்கு மேல் வேகத்தில் இருக்கும். இருபதுதானே கூட என்று நினைத்திருந்தேன். அந்தப் புறவழிச்சாலையில் மொபட்டில் தீவனப்புல் கட்டிக்கொண்டு குறுக்கே வருகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ரோடு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் ஆத்தூர் போகும் சேலம் உளுந்தூர்பேட்டை சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பல வருடமாக நான்கு வழியில் நடுவில் தடுப்போடு ஜம்மென்று போய்க்கொண்டிருப்போம். ஊருக்கு ஊர் புறவழிச்சாலை வந்ததும் அது இரண்டு வழியாகச் சுருங்கியது, தடுப்பு கிடையாது, எதிரில் ஆம்னி பஸ் முகத்துக்கு நேராக வந்தது. நேருக்கு நேர் மோதி எத்தனை குடும்பங்கள் போயிருக்கின்றன என்று வாழப்பாடி, ஆத்தூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். வேகமாக வந்த காலுக்கு ஒரு போர்டைப் பார்த்ததும் 60 என்று புரிந்துவிடாது. ரோடே வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, அங்கே வளைவில் ஸ்பீடு கன் வைத்து யாரையும் பிடிக்கத் தேவையில்லை. அங்கேயும் 2024 ஏப்ரல் 30 அன்று தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போயின என்பதை மறக்கவில்லை, ஆனாலும் வளைவு செய்கிற வேலையைப் போர்டு செய்யாது.

விபத்து நடந்த பிறகு எழுதுவதும் ஒரு வேடிக்கை. எந்த எஃப்ஐஆரை எடுத்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்றுதான் இருக்கும், வண்டி பஞ்சராகி நின்றிருந்தால் தவிர. மத்திய அரசின் 2022 விபத்து அறிக்கை நாட்டில் 1,68,491 பேர் செத்ததாகவும், அதில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தால் என்றும் சொல்கிறது. அந்த 71ல் எவ்வளவு நிஜமான வேகம், எவ்வளவு ஏட்டையாவின் வழக்கமான வாசகம்? ரோட்டின் தப்பை, லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லரின் தப்பை, எல்லாவற்றையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது என்பது என் சந்தேகம்.

நியாயம் பற்றி என்னைவிடப் பேசத் தகுதியுள்ளவர் எங்கள் மாமா. சங்ககிரி, முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். எனக்கு அபராதம் வந்த கதையைச் சொன்னதும் சிரித்தார். "உனக்கு ஆயிரம், டீ குடிச்சுட்டே கட்டிட்ட. எனக்கு வந்தா ஓனரு பேருக்கு வரும், ஓனரு பேட்டாவுல புடிப்பாரு. நேரத்துக்கு லோடு எறக்கோணும்னு போன் மேல போன் போட்டதும் அதே ஓனருதான் மாப்ள" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

தொப்பூர் கணவாயைப் பற்றிக் கேட்டேன். தருமபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்கும்போது அந்தச் சரிவு எத்தனை லாரியைக் கொண்டுபோயிருக்கிறது என்று கணக்கே இல்லை. லாரிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே, 80க்கு மேல் போகாதே என்றேன். "அது இன்ஜினைத்தான் புடிக்கும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா வண்டிய ஓட்டறது இன்ஜின் இல்ல, சரிவு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு லைனர் காய்ஞ்சுரும், அப்புறம் மாரியாத்தாதான்" என்றார். டீசலை மிச்சம் பிடித்தால்தான் ட்ரிப்பில் நாலு காசு நிற்கும் என்கிற நிலைமையில் ஒருவரை வைத்துவிட்டு, சரிவின் அடியில் நின்று அபராதம் போடுவதில் ஏதோ இடிக்கிறது. போடவே கூடாது என்று சொல்லவில்லை. லோடு ஏற்றி அனுப்பியவருக்கும் ஒரு பங்கு போகட்டும் என்கிறேன்.

ஃபின்லாந்தில் வேகம் ரொம்ப மீறினால் அபராதமே வருமானத்தைப் பொறுத்துத்தான். 2023ல் ஒரு பெரும் பணக்காரர் 50ல் போக வேண்டிய இடத்தில் 82ல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார். இங்கே அது நடக்காது, வருமானத்தைக் காட்டச் சொன்னால் சேலத்தில் கார் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் ஏழைகளாகிவிடுவோம். லைசென்ஸைக் கொஞ்ச நாள் முடக்குவது பணத்தைவிட நியாயம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன், உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழுவும் 2015ல் அதிவேகத்துக்குக் குறைந்தது 3 மாதம் முடக்கச் சொன்னது. மூன்று மாதம் நான் பஸ்ஸில் ஆத்தூர் போவேன். மாமா வீட்டில் அடுப்பு எரியாது.

எனக்குத் தோன்றும் வழி சின்னது. சேலம் உளுந்தூர்பேட்டை சாலையில் மேட்டுப்பட்டியில் ஒரு டோல், ஆத்தூரைத் தாண்டி நத்தக்கரையில் ஒரு டோல். இரண்டிலும் ஃபாஸ்டேக் நேரம் பதிவாகிறது. நடுவில் இருக்கும் தூரத்தை எடுத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். வழியில் டீக்கோ டிபனுக்கோ நின்றால் சராசரி குறையும், ஆக தப்பு வந்தாலும் ஓட்டுகிறவருக்குச் சாதகமாகத்தான் வரும். மரத்துக்குப் பின்னால் யாரும் ஒளிய வேண்டாம், லைட் அடித்து எச்சரிக்க முடியாது, தெரிந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட முடியாது. அபராதம் 100 ரூபாய் போதும், ஆனால் ஒவ்வொரு தடவையும். 400 தடவைக்கு அது 40,000. நான் நத்தக்கரை வரை போகிறவனாக இருந்தால் முதல் மாதத்திலேயே திருந்தியிருப்பேன்.

இதை மாமாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப நத்தக்கரை டோலுக்கு அரை கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு எடம் பாரு மாப்ள" என்றார்.

எதற்கு என்றேன்.

"டீக்கடை போடலாம். நூத்துல வந்தவனெல்லாம் அங்கதான் உக்காந்து நேரத்தை ஓட்டோணும்."