முழுக்கைச் சட்டை

இருபது ஆண்டுகளாகச் சென்னையில் மருந்துக்கடை நடத்தி வருகிறேன். அண்மைக் காலமாக, மீசை அரும்பிய பிள்ளைகள் சிலர் டேபென்டடால் என்ற மாத்திரையின் பெயரைச் சரியாக உச்சரித்து, மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே ஓர் அட்டை கேட்கிறார்கள். கடுமையான வலிக்காக மருத்துவர்கள் எழுதித் தரும் இந்த மருந்து, அபினைப் போலவே மூளையில் வேலை செய்யும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. இதே வகையைச் சேர்ந்த டிரமடால், 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், பத்தொன்பது வயது மகனுக்கு அடிக்கடி சளி ஒழுகுகிறது, ஓயாமல் கொட்டாவி விடுகிறான், இரவெல்லாம் கால் குடைச்சலால் தூங்குவதில்லை என்று சொல்லி மாத்திரை வாங்க வந்தார். "அக்கா, தம்பி இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறானா?" என்று கேட்டேன். கையில் ஊசி குத்திய தடங்களை மறைக்கத்தான் இப்படிப் போடுவார்கள். அவர் பதில் சொல்லாமல் அழுதார். வாயில் வாடை வீசவில்லை என்பதாலேயே மகன் எந்தத் தப்புக்கும் போகவில்லை என்று அதுவரை அவர் நம்பியிருந்தார். அவர் சளி என்று நினைத்தது, மாத்திரை கிடைக்காத நாள்களில் உடல் படும் பாடு.

விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தோடு மாவுப்பொருளும் டால்க்கும் செல்லுலோசும் கலந்திருக்கும். பொடித்துத் தண்ணீரில் கலக்கி ஊசியால் இரத்தக் குழாயில் ஏற்றும்போது, கரையாத அந்தத் துகள்கள் இரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. சுத்தமில்லாத ஊசி வழியே நுழையும் கிருமிகள் இதய வால்வைப் புண்ணாக்கும். ஒரே ஊசியை நண்பர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவையும் பரவும்.

இவற்றைவிட என்னை அஞ்சவைப்பது, சிகிச்சை முடிந்து பிள்ளை வீடு திரும்பும் காலம். சில வாரங்கள் விட்டிருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். ஒரு நாள் தடுமாறி முன்பு போட்ட அதே அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். உதடு நீலம் பாரித்து, குறட்டை போன்ற ஒலியோடு மூச்சு மெதுவானால், தூங்கட்டும் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்; உரிய நேரத்தில் கொடுத்தால் நலாக்சோன் என்ற மருந்து அந்த மூச்சை மீட்டுவிடும்.

காவல்துறைக்குத் தெரிந்துவிடுமோ என்பதே அந்த அம்மாவின் முதல் பயமாக இருந்தது. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கியவர்கூட, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது என்று சொன்னேன். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அவர் மகன், சிகிச்சைக்காகத் தரப்படும், அதே ஓபியாய்டு வகையைச் சேர்ந்த புப்ரெனார்பின் மாத்திரையை மருத்துவமனையில் நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிறான். ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான் என்று உறவினர்கள் பேசுவதை நான் ஏற்கவில்லை. குடைச்சலும் ஏக்கமும் தணிந்ததால்தான் அவனால் வேலைக்குப் போக முடிகிறது. இரவில் இரண்டு முறை எழுந்து அவன் மூச்சைக் கவனிப்பதாக அந்த அம்மா போன வாரம் சொன்னார். கவனியுங்கள் அக்கா என்றேன்.