ரப்பர் விளைகளில் இரவு ரோந்து: புதுக் காவலர்களைப் பழக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாஞ்சில் நாட்டு ஊர்களில் தெரு உண்டு. முனையில் நின்றால் கடைசி வீடு வரை தெரியும். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தனியாக இருக்கும், நடுவில் ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும். வட்டாரம் பிரித்துச் சுற்றிவரும் நகரத்து பீட் முறையை இங்கே வைத்தால் பைக் ரோட்டிலேயே போய்த் திரும்பும்.

அதனால் முதல் 3 நாள் வண்டி கொடுப்பதில்லை, பகலில் நடைதான். கால்வாய்க் கரை எங்கே ரோட்டில் ஏறுகிறது, எந்த ஒற்றையடிப் பாதையில் பைக் நுழையும், முதியவர்கள் தனியாக இருக்கும் வீடு, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரை, மைக் (வயர்லெஸ்) எடுக்காத வளைவு எல்லாவற்றையும் கையால் வரைந்து வர வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே செல்போனை நம்ப முடியாது. யானை இறங்கியிருக்கிறதா என்று வனத்துறைக்காரரிடம் கேட்காமல் அங்கே இரவில் பைக் எடுக்கக் கூடாது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது விடியலுக்கு முன் தோட்டத்தில் நகரும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறையும் என்பதால் பால்வெட்டுக்காரர் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிடுவார். அவர் வெளிச்சம் வரிசை மாறாமல் மரத்துக்கு மரம் நின்று நகரும். வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை அவரும் உரிப்பார், ஆனால் உரித்த கையோடு வெட்டுவார். வெட்டாமல் உரித்து உரித்துச் சாக்கில் போடுகிறவரைத்தான் விசாரிக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு நின்றிருக்கும்போது எந்த வெளிச்சமானாலும் கேட்டுவிட வேண்டியதுதான். நடுச்சாமத்தில் நடப்பவரையெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 128-ஆம் பிரிவில் (2024 ஜூலைக்கு முன் சி.ஆர்.பி.சி. 109) போடும் அவசரம் சிலருக்கு உண்டு. குற்றம் செய்யும் நோக்கத்தோடு பதுங்குகிறவருக்கான பிரிவு அது. வேலைக்குப் போகிறவரைப் பிடித்தால் அந்த ஊரில் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இரவில் இருவர் போனால் ஒருவர் பேச வேண்டும். மற்றவர் இரண்டடி தள்ளி, எதிரே இருப்பவரின் கையைப் பார்த்து நிற்க வேண்டும். சந்திப்புகளில் என்ஜினையும் விளக்கையும் அணைத்து 5 நிமிடம் காது கொடுக்கச் சொல்கிறோம். நாய்க்குரைப்பு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால் ஆள் நடக்கிறான், அதே திசையில்.

ரோந்து வந்ததற்குக் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தில் தினமும் ஒரே வரிசையில் கையெழுத்துப் போட்டால் திருடனுக்கும் நேரம் மனப்பாடமாகிவிடும். வரிசையை மாற்றுங்கள், போன இடத்துக்கே 20 நிமிடத்தில் திரும்புங்கள். களியக்காவிளை மெயின் ரோட்டைத் தவிர்த்து ரேஷன் அரிசி கேரளாவுக்குப் போவது இணைப்புச் சாலைகளில்தான். பின்சீட்டில் ஆளில்லாமல் பின்பக்கம் தாழ்ந்து வரும் கார் எதுவானாலும் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள்.