பீலித் தண்ணீரும் ஒரு போத்தலும்

குடிநீர்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச உத்தியோகத்தராக ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம், "தாத்தா காலத்துல இருந்து குடிக்கிற ஊத்துத் தண்ணி ஐயா" என்ற சொல்லை லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசலில் கேட்காமல் நான் திரும்பியதில்லை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஊற்றுக்கு மேலே தேயிலை மலையும், அதற்கும் மேலே இன்னொரு லயத்தின் மலசலகூடக் குழிகளும் இருப்பது ஊற்று நீர் வந்து விழும் குழாயான பீலியடியில் குடத்தோடு நிற்பவருக்குத் தெரிவதில்லை.

மாதிரி எடுப்பது பொறுமை வேண்டிய வேலை. குழாயின் வாயைச் சுடரில் வாட்டி, நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கிருமிநீக்கிய போத்தலின் உட்புறத்தில் விரல் படாமல் நிரப்ப வேண்டும். போத்தலில் முன்னரே இட்டிருக்கும் சோடியம் தயோசல்பேற்று, கிருமிகளைக் கொல்ல நீரில் இட்டதில் எஞ்சிய குளோரினைச் செயலிழக்கச் செய்கிறது. இல்லாவிட்டால் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, பீலியில் இருந்த உண்மை நிலையை மறைத்துவிடும். 100 மில்லிலீற்றர் குடிநீரில் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியா ஒன்று கூட இருக்கக் கூடாது.

ஒரு தோட்டத்தில், தாங்கிக்குக் குளோரின் இட்டதாகப் பதிவேட்டில் நாள்தோறும் கையொப்பம் இருந்தது. குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாற வேண்டிய நீர், நான் சோதனை மாத்திரை இட்டும் நிறம் மாறவேயில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை, ஏனெனில் அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் பிள்ளைமடுவத்துக் (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். குளோரின் இட்டாலும், நீர் கலங்கலின்றி இருந்து, குறைந்தது 30 நிமிடம் தாங்கியில் தங்கினால்தான் அது வேலை செய்யும். மழைக்கு மறுநாள் நீர் கலங்கி வருவதால் அது நடப்பதில்லை. அதனால் ஊற்றைச் சுற்றி வேலியும், மேலே மழைநீரைத் திருப்பிவிடும் கானும் (வடிகால்) கேட்டு எழுதினேன். வேலி வந்துவிட்டது, கானுக்காக மீண்டும் எழுதியிருக்கிறேன்.