பச்சைத் தண்ணீர்

சென்னை மணலியில் எங்களுடையது சின்ன நிக்கல் பிளேட்டிங் பட்டறை; உலோகச் சாமான்களுக்கு நிக்கல் பூச்சுப் போடுவோம். கழிவுநீர் விதிகள் இறுகியபோது, "இனி கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார் அப்பா.

பூச்சுப் போட்ட சாமான்களை அலசுவதற்கு முன்பு ஒரே தொட்டி இருந்தது. இப்போது மூன்று. தண்ணீர் கடைசித் தொட்டியில் நுழைந்து முதல் தொட்டிக்கு வருகிறது. அங்கே சேரும் பச்சைத் தண்ணீரைப் பிளேட்டிங் தொட்டிக்கே திருப்பி ஊற்றுகிறோம். அந்தப் பச்சை நிக்கல்தான்! இத்தனை வருஷமும் காசு கொடுத்து வாங்கியதைச் சாக்கடையில் விட்டிருக்கிறோம்.

நல்ல விதி நிறுவனத்தை யோசிக்க வைத்துச் செலவையும் குறைக்கும் என்று ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991-லேயே எழுதினார். சரி, எல்லோருக்குமா? இங்கே பெரிய ஆலைகளுக்கு, கொடுங்கையூரில் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் குழாயிலேயே வருகிறது. எங்களுக்கு இன்னும் லாரிதான். அப்புறம், கழிவுநீரில் படியும் கசடை அள்ளும் செலவு தனி.

அப்பா மட்டும் தினமும் அந்த முதல் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்.