ஒத்தக்கால் கொக்கு

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனி, பேரு வேண்டாம், லோகோ மாத்தணும்னு வந்தாங்க. பழைய லோகோவுல ஒரு வட்டம், உள்ள ஒரு கொக்கு ஒத்தக்கால்ல நிக்குது. பாத்ததுமே எனக்கு சிரிப்பு. ரெண்டே நாள்ல கொக்க தூக்கிட்டு நீல கலர்ல ஒரு தண்ணித்துளி, மெல்லிசா ரெண்டு கோடு, கலர் மெதுவா மங்கிட்டே போற கிரேடியன்ட் எல்லாம் போட்டு ஷோக்கா பிடிஎஃப் அனுப்பிட்டேன். கம்பெனிய பத்தி நான் பண்ண ரிசர்ச் அவங்க வெப்சைட்ல "எங்களைப் பற்றி" பக்கத்த படிச்சதுதான், அதுல வழக்கம்போல தரம், நம்பிக்கை, பாரம்பரியம்.

முதலாளி கோவப்படல. "ஒருக்கா பட்டறைக்கு வந்துட்டு போங்க தம்பி"ன்னாரு, அவ்ளோதான்.

அங்க மண்ணுல அச்சு எடுக்குற மோல்டிங் வேலையில இருக்குற ஒரு பெரியவர் என் போன்ல டிசைன பாத்துட்டு, "இந்தக் கோடு மண்ணுல நிக்காதுங்க தம்பி, இரும்பும் ஓடாது"ன்னாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது, இவங்க லோகோ பம்ப் பாடியில வார்ப்போடவே வர்றது. பேட்டர்ன்ல, அதாவது அச்சு எடுக்குற மூல உருவத்துல, செதுக்கி, மண்ணுல அழுத்தி எடுத்து, உருக்குன இரும்ப ஊத்துனா எழும்பி வர்ற உருவம், ரொம்ப மெல்லிசான எடம்னா இரும்பு போய் சேர்றதுக்குள்ள ஆறிப்போயிரும், இதுல நான் கிரேடியன்ட் போட்டு வச்சிருக்கேன். கொக்குக்கு மொதல்ல ரெண்டு காலாம். ஒரு கால் எப்பவும் பாதியிலயே நின்னுபோக, சலிச்சுப்போய் பேட்டர்ன்ல இருந்தே அத எடுத்துட்டு இன்னொரு கால தடிமனாக்கிட்டாங்க. நானா இருந்தா உறுமீனுக்கு காத்திருக்குற கொக்கு, பொறுமை, அது இதுன்னு நாலு ஸ்லைடு போட்டிருப்பேன்.

திரும்பி வர்ற வழியில மோட்டாருக்கு காயில் கட்டுற ஒரு வைண்டிங் கடையில எறங்கி விசாரிச்சேன். கம்பெனி பேர சொன்னா அண்ணன் முழிக்கிறாரு. படத்த காட்டுனதும், "அட, கொக்கு மோட்டாருங்களா!" தோட்டத்துக்காரங்க அப்படித்தான் கேப்பாங்களாம். இன்னொன்னும் சொன்னாரு, "கொக்குக்கு ரெண்டு கால் இருந்தா டூப்ளிகேட்டுங்க, வாங்கிராதீங்க."

2009ல அமெரிக்காவுல ட்ராபிகானா ஜூஸ் பெட்டியில ஸ்ட்ரா குத்துன ஆரஞ்சு படத்த எடுத்துட்டு கண்ணாடி டம்ளர் படத்த போட்டாங்க, கடையில ஜனங்களுக்கு அடையாளம் தெரியல, ரெண்டு மாசத்துக்குள்ள விற்பனை 20 சதவீதம் விழுந்து பழைய பெட்டிக்கே ஓடிவந்தாங்க. இத காலேஜ்ல பரிட்சைக்கு ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்குனவன் நானு.

தண்ணித்துளிய அழிச்சிட்டேன். கொக்கோட கழுத்து வளைவ மட்டும் சரி பண்ணி, எழுத்த மாத்தி, கோடெல்லாம் தடிமனாக்கி குடுத்தேன். போன வாரம் முத சாம்பிள் வார்ப்பு, பெரியவர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிருந்தாரு. கால் நல்லா வந்திருக்கு, அலகு நுனியில இரும்பு ஓடல. இப்ப அலகத்தான் மொட்டையாக்கிட்டு இருக்கேன்.