முன் ஃபோர்க்கின் முதல் ஐந்து மில்லிமீட்டர்

மவுன்டன் பைக் வாங்குகிறவர்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பற்றி முதலில் விசாரிப்பது, அது எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்பதைத்தான். அது அமுங்கத் தொடங்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஃபோர்க்கில் நடந்த மேம்பாடுகளில் என்னை மிகவும் கவர்ந்தவை இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடியவைதான்.

மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையிலிருந்து வந்த பால் டர்னர் உருவாக்கிய ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 ஃபோர்க் ஏறத்தாழ 50 மி.மீ. மட்டுமே அமுங்கியது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், கிரெக் ஹெர்போல்ட் அதைப் பூட்டிய சைக்கிளில் மலையிறக்கப் பந்தயத்தை வென்ற பிறகு, சைக்கிளுக்கு சஸ்பென்ஷன் எதற்கு என்ற பேச்சு மெல்ல அடங்கியது. அதே காலத்தில் வந்த டக் பிராட்பரியின் மனிடோ ஃபோர்க், ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் போன்ற கட்டைகளை நம்பியிருந்தது. எளிமையான அமைப்புதான், ஆனால் குளிரில் அந்தக் கட்டைகள் இறுகிவிடும். 1997இல் அறிமுகமான மார்சோக்கி பாம்பர் இசட்-1, மோட்டார் சைக்கிளின் வழியில் சுருள் ஸ்பிரிங்கையும், புஷ்களையும் (குழாய்கள் உரசி வழுக்கும் உள்வளையங்கள்) சீல்களையும் எந்நேரமும் நனைத்துக்கொண்டிருக்கும் ஆயிலையும் கொண்டுவந்தது. எடை கூடினாலும், என் கணிப்பில் உண்மையான திருப்பம் அதுவே.

அமுங்கும் தூரம் கூடக்கூட வேறொரு சிக்கல் எழுந்தது. பாறையில் மோதும்போது, கீழ்க்கால்களுக்குள் வழுக்கி இறங்கும் மேல் குழாய்கள் பின்னோக்கி வளைகின்றன. வளைந்த குழாய் புஷ்ஷுக்குள் இறுக்கிப் பிடிப்பதால், ஃபோர்க் வேலை செய்ய வேண்டிய நேரத்திலேயே அசைய மறுக்கிறது. குழாய்களின் விட்டம் 28 மி.மீ. அளவிலிருந்து 32, 36 என்று வளர்ந்து, 2020இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் 38 மி.மீ. ஃபோர்க் வரை வந்ததற்கு வலிமை மட்டும் காரணமன்று. இந்த உராய்வும் காரணம். அந்த 38இல் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்சில் அமைப்பு. வழக்கமான ஃபோர்க்கில், சக்கர ஹப்பின் அகலம் இம்மியளவு மாறினாலும், ஆக்சிலை முறுக்கும்போது ஃபோர்க்கின் இரு கால்களும் உள்ளே இழுபட்டு இணைகோட்டிலிருந்து விலகிவிடும். இதிலோ ஒரு கால் தன் இயல்பான இடத்தில் நின்றபின்தான் அதைப் பூட்டுகிறோம்.

எடையைக் குறைக்கக் காற்று ஸ்பிரிங் வந்தபோது, காற்றை அடைத்து வைக்கும் சீல்களே புதிய உராய்வாயின. அதற்கு விடையாக அமைந்தது எதிர்க்காற்று அறை. பிரதான அறையின் காற்று ஃபோர்க்கை நீட்டித் தள்ள, இந்தச் சிறிய அறையின் காற்று அதற்கு எதிராக அழுத்துகிறது. நீண்ட நிலையில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால், சிறு கூழாங்கல்லுக்கும் ஃபோர்க் இணங்குகிறது. 2022இல் ராக்ஷாக்ஸ் தன் உயர்ரக ஃபோர்க்குகளில் ரப்பர் வில்லைகளைச் சேர்த்தது. ஒரு காலத்தில் ஸ்பிரிங்காக இருந்து கைவிடப்பட்ட ரப்பர், நுண்ணிய அதிர்வுகளை விழுங்கும் பொறுப்போடு திரும்பி வந்திருக்கிறது.

இத்தனை நுட்பமும் சில மில்லிலிட்டர் ஆயிலை நம்பியே நிற்கிறது. கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நான் ஓராண்டுக்கும் மேலாகத் திறக்காமல் விட்டிருந்த ஒரு ஃபோர்க், ஹேண்டில்பாரை அழுத்தினால் முதலில் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று இறங்கியது. கழற்றிப் பார்த்தபோது ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சாம்பல் நிற ஆயில்தான் வடிந்தது. சீலுக்கு அடியில் இருந்த பஞ்சு வளையங்கள் காய்ந்து கிடந்தன. அவற்றைக் கழுவி, புது ஆயிலில் ஊறவைத்து, கால்களைத் திரும்பப் பூட்டி, உள்ளங்கையை ஹேண்டில்பாரின் மேல் வைத்தேன். கையின் பாரத்துக்கே ஃபோர்க் சத்தமில்லாமல் இறங்கிக்கொடுத்தது.